மழைநாளில் கூடுதல் விலை: சட்டம் எதைத் தடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது

2024 அக்டோபர் 25 அன்று பிற்பகலில் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்காலும் பொங்கி, எங்கள் பக்கத்துத் தெருக்களில் முழங்காலளவுக்குத் தண்ணீர் நின்றது. மறுநாள் காலையில், திறந்திருந்த ஒரே பெட்டிக்கடையில், அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்றை அதில் அச்சிட்டிருந்த விலையைவிடப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி காரணம் கேட்டதற்கு, “ஆட்டோ வச்சு எடுத்துட்டு வந்திருக்கேன்க்கா, இஷ்டம்னா வாங்குங்க” என்றார் கடைக்காரர். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பத்து ரூபாயைக் கேட்க அவருக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. அதே கடையில் வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு விலைக்கு விற்ற உதிரி மெழுகுவத்தியின் கதை வேறு. அதைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் அவ்வளவு எளிதான பிடி இல்லை.

பேரிடர்க் காலத்தில் விலையேற்றுவதைத் தடுப்பதற்கென்றே தனிச்சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபின் அத்தியாவசியப் பொருட்களின் விலையை முன்பிருந்ததைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவது பொதுவாகக் குற்றமாகும். அப்படிப்பட்ட பொது வரம்பு நம்மிடம் இல்லாததால், பாதுகாப்பு நான்கைந்து சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. அவற்றில் சாதாரண மனிதருக்கு உடனடியாகக் கைகொடுப்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன்கீழ் வந்த 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளுமே.

இவ்விதிகளின்படி, பொட்டலமிட்டு விற்கப்படும் பொருளின்மேல் எல்லா வரிகளும் உட்பட அதிகபட்சச் சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி., அச்சிடப்பட்டிருக்க வேண்டும். விதி 18, சில்லறைக் கடைக்காரர் மட்டுமல்லாமல் உற்பத்தியாளர், பொட்டலமிடுபவர், இறக்குமதியாளர், மொத்த வியாபாரி ஆகிய எவருமே அந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்கிறது. மழை, புயல், ஊரடங்கு என்று எந்த விதிவிலக்கும் அதில் சொல்லப்படவில்லை. சாதாரண நாளிலேயே குளிர்பானத்துக்கும் பாலுக்கும் ‘கூலிங் சார்ஜ்’ என்று ஒன்றிரண்டு ரூபாய் சேர்த்து வாங்கும் வழக்கம் நம் ஊரில் பரவலாக உள்ளது; அதுவும் இதே மீறல்தான். ஃபிரிட்ஜுக்கு ஆகும் மின்கட்டணமும் ஆட்டோ வாடகையும் அச்சிட்ட விலைக்குள் அடங்கியவை என்றே விதி கருதுகிறது. மொத்த வியாபாரியே கூடுதல் விலைக்குக் கொடுத்தார் என்று சில்லறைக் கடைக்காரர் சொன்னால், அவர் செய்ய வேண்டியது அந்த மொத்த வியாபாரியிடம் பில் வாங்கிப் புகார் கொடுப்பதே. சுமையை வாடிக்கையாளர் தலையில் இறக்கிவைக்க விதி அவருக்கு அனுமதி தரவில்லை. சிறு கடைக்காரருக்கு இது கடுமையான ஏற்பாடு என்பதை நானும் ஒப்புக்கொள்வேன், ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் விலை அச்சிட்ட இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அச்சிட்ட விலையை அழிப்பதும், மசியால் மறைப்பதும், அதன்மேல் கூடுதல் விலையுள்ள ஸ்டிக்கரை ஒட்டுவதும் தடை செய்யப்பட்டவை. விலையைக் குறைப்பதற்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம்; அப்போதும் பழைய விலை மறையக் கூடாது. தண்ணீர் கேனில் பலரும் ஏமாறுகிறார்கள். 25 கிலோ அல்லது 25 லிட்டருக்கு மேற்பட்ட பொட்டலங்களுக்கே இவ்விதிகளிலிருந்து விலக்கு உண்டு என்பதால், வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனிலும் விலை இருந்தாக வேண்டும். விலையே அச்சிடாத கேனை வெள்ளநாளில் வாய்க்கு வந்த விலைக்கு விற்றால், அச்சிடாததும் ஒரு தனி மீறலாகும்.

ஓட்டல்களுக்கு மட்டும் இதில் ஒரு விலக்கு இருக்கிறது. ஓட்டலிலும் உணவகத்திலும் உட்காரவைத்துப் பரிமாறும்போது பாட்டில் தண்ணீருக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே விற்கப்படுவது பொருள் மட்டுமல்ல, சேவையும் சேர்ந்தது என்பதே காரணம். வெள்ளத்துக்குப் பயந்து லாட்ஜில் தங்கியவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மருந்துக்குக் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, உறையில் அச்சிட்ட விலை, நடப்பு விலைப்பட்டியலில் உள்ள விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் எவரும் விற்க முடியாது. விலைப்பட்டியலை வாடிக்கையாளர் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டியதும், தகுந்த காரணமின்றி மருந்தை விற்க மறுக்கக் கூடாது என்பதும் அதே ஆணையில் உள்ளவை. தண்ணீர் வடியும் நாட்களில் காய்ச்சல் மாத்திரைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கும் கூட்டம் சேரும் என்பதால், இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். சமையல் எரிவாயு சிலிண்டரைப் பொறுத்தவரை, பில்லில் உள்ள தொகையில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கட்டணமும் சேர்ந்தே இருக்கிறது. மாடிப்படிக்கும் மழைக்கும் தனித்தனியாகக் கேட்பதற்கு இடமில்லை.

விலை அச்சிடாத பொருட்களில்தான் சட்டத்தின் பிடி தளர்கிறது. தக்காளி, வெங்காயம், கீரை, உதிரி மெழுகுவத்தி, அளந்து தரும் அரிசி போன்றவற்றுக்கு எம்.ஆர்.பி. கிடையாது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு லாரி வராத நாளில் வெங்காயம் ஏறுவது வரத்துக் குறைவாலா, பேராசையாலா என்று வாங்குபவர் கண்டுபிடிப்பது கடினம். ஒப்பிட்டுப் பார்க்க நம் ஊரில் ஒரு வசதி உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அங்கே அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படுகிறது. மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாகவும் வெளிச்சந்தைச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாகவும் அதை நிர்ணயிப்பது வழக்கம். அந்தப் பலகை வெளிக்கடைகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தெருக்கடை எவ்வளவு தூரம் விலகிப்போயிருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

உதிரிப் பொருளிலும் இரண்டு பிடிகள் மிஞ்சியிருக்கின்றன. விலைக்குக் கட்டுப்பாடு இல்லையென்றாலும் எடைக்கு உண்டு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை இட வேண்டும், அதற்கான சான்றிதழ் கடையில் இருக்க வேண்டும். மின்சாரம் போன இருட்டில் எங்கிருந்தோ எடுத்துவந்த பழைய தராசில் நிறுத்துக் கொடுத்தால் அதுவே புகாருக்குரியது. அடுத்து, கடைக்காரர் தாமே விலைப்பலகை வைத்திருந்தால், அந்த விலைக்கு மேல் வாங்குவது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார் செய்யத்தக்கது. பேசி ஒப்புக்கொண்ட விலைக்கு மேல் வாங்குவதும் அப்படியே.

இவற்றுக்கு அப்பாற்பட்ட விலையேற்றத்தை அரசு நினைத்தால்தான் கட்டுப்படுத்த முடியும். அதற்கான கருவி 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம். உணவுப்பொருட்கள், சமையல் எண்ணெய், மருந்து, பெட்ரோலியப் பொருட்கள் முதலியன அதன் பட்டியலில் உள்ளன. புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் விலை நிர்ணயிக்கவும் மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. 2020 மார்ச்சில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. கொரோனா பரவத் தொடங்கியதும் முகக்கவசமும் கைச்சுத்திகரிப்பானும் பட்டியலில் சேர்க்கப்பட்டு, மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய்க்கு மேலும், 200 மில்லி கைச்சுத்திகரிப்பான் 100 ரூபாய்க்கு மேலும் விற்கக் கூடாது என்று ஆணை வந்தது. அந்த ஆணை அவ்வாண்டு ஜூன் 30 வரை நடப்பில் இருந்தது. இச்சட்டத்தின்கீழ் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும். பதுக்கலிலும் கள்ளச்சந்தையிலும் ஈடுபடுவோரை 1980ஆம் ஆண்டின் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தின்படி ஆறு மாதம் வரை காவலில் வைக்கவும் முடியும். நம் மாநிலத்தில் இவற்றைக் கவனிப்பது மாவட்ட வழங்கல் அலுவலரும், குடிமைப்பொருள் வழங்கல் குற்றப்புலனாய்வுத் துறையும். ஒரு வட்டாரத்தில் வெள்ளம் வந்த இரண்டு நாளுக்குள் இப்படி ஓர் ஆணை பிறப்பித்து நடைமுறைக்குக் கொண்டுவருவது அரிது என்பது என் எண்ணம். மெழுகுவத்தி வாங்குபவருக்கு அது பெரும்பாலும் எட்டாத உதவியே.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் பலரும் இதற்காக மேற்கோள் காட்டுகிறார்கள். அது நேரடியாக விலையைப் பற்றிப் பேசும் சட்டம் அல்ல. மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இச்சட்டத்தின்படி பிறப்பிக்கும் உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நிவாரண முகாமில் உணவும் குடிநீரும் மருத்துவ வசதியும் பெறுவதற்கான குறைந்தபட்சத் தரத்தையும் இச்சட்டம்தான் வகுக்கச் சொல்கிறது. முகாமில் இலவசமாகக் கிடைக்க வேண்டிய தண்ணீரை எவராவது காசுக்கு விற்றால் அது விலையேற்றத்தைவிடப் பெரிய குற்றம்; நிவாரணப் பொருளைக் கையாடுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

எங்கே புகார் செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எம்.ஆர்.பி. மீறலுக்கும் எடைக்குறைவுக்கும் தமிழ்நாட்டில் பொறுப்பான துறை தொழிலாளர் துறையாகும். பெயரைக் கேட்டால் தொடர்பில்லாததுபோலத் தோன்றும், ஆனால் எடையளவுச் சட்டத்தை அமலாக்குவது தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகமே. ரேஷன் கடை தொடர்பான புகாருக்கு 1967 என்ற எண். எதற்கு யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 1077 மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண். மாடியில் சிக்கியவர்கள் அழைக்கும் அந்த எண்ணைப் பத்து ரூபாய்க்காக அடைத்துவைக்க வேண்டாம்.

பணத்தைத் திரும்பப் பெறவும் மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்கவும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கடை எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுவைக் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுத்தாக வேண்டும் என்பதால், தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, ஓய்ந்தபின் நிதானமாகச் செய்தாலும் போதும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை சான்று. பில் கேளுங்கள், பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிகமுறை என்று 2019ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அச்சடித்த பில் இல்லையென்றால் துண்டுச்சீட்டில் தேதியும் தொகையும் எழுதி வாங்கலாம். அதுவும் கிடைக்காதபோது கூகுள் பே போன்றவற்றில் பணம் செலுத்தினால், நாளும் நேரமும் கடையின் பெயரும் தொகையும் தாமே பதிவாகிவிடும். என்னிடம் அன்று இருந்தது அந்தப் பதிவு ஒன்றுதான். காலிப் பால் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டதால், அதில் என்ன விலை அச்சிட்டிருந்தது என்பதைக் காட்ட எதுவும் மிஞ்சவில்லை. வாங்கிய இடத்திலேயே விலையும் தேதியும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு, உறையைக் கழுவிக் காயவைத்துப் பில்லோடு சேர்த்து எடுத்துவைத்திருக்க வேண்டும்.