இடைவெளியை அளக்கும் புரதம்

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டுக்குக் குளுக்கோஸ்தான் முதல் விருப்பம். அது தீர்ந்து, கேலக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரை மட்டுமே கிடைத்தால், அதைச் செரிக்கும் நொதிகளை அவசரமாகத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. அதுவரை அடங்கிக் கிடந்த மரபணுக்களில் சில, ஆயிரம் மடங்கு வரை வேகமெடுக்கின்றன. அவற்றை முடுக்கிவிடும் படியெடுத்தல் காரணியின், அதாவது டி.என்.ஏ.வில் அமர்ந்து மரபணுவைப் படியெடுக்கத் தூண்டும் புரதத்தின், பெயர் கேல்4.

881 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தின் வால்பகுதிதான் மரபணுவை இயக்குகிறது. கேலக்டோஸ் இல்லாதபோது கேல்80 என்ற புரதம் அந்த வாலை மூடிவைத்திருக்கும். ஆனால் என்னை வியக்கவைப்பது தலைப்பகுதி. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆன, ஏறக்குறைய 1.2 கோடி எழுத்து இணைகள் கொண்ட ஈஸ்ட் டி.என்.ஏ.வில் தன் இடத்தை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அந்த இடத்தின் நீளம் 17 எழுத்துகள். தொடக்கத்தில் சி-ஜி-ஜி, முடிவில் சி-சி-ஜி. நடுவிலுள்ள 11 எழுத்துகள் பெரும்பாலும் எவையாகவும் இருக்கலாம். டி.என்.ஏ.வின் இரு இழைகளில் சி-க்கு எதிரே ஜி-தான் நிற்கும் என்பதால், முடிவிலுள்ள மூன்றையும் எதிர் இழையில் திருப்பிப் படித்தால் அங்கும் சி-ஜி-ஜி என்றே வரும். ஒரே சொல் இரு முனைகளில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கக் கேல்4 இரட்டையாக வருகிறது, முனைக்கு ஒன்றாக.

படிக்கும் விதத்தை 1992இல் ஹார்வர்டில் மார்க் டாஷ்னி, ஸ்டீபன் ஹாரிசன் குழுவினர் படிக அமைப்பின் வழியே காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது முதல் 65 அமினோ அமிலங்களை மட்டுமே. அதன் நுனியில் இரண்டு துத்தநாக அயனிகள் இருக்கின்றன. சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் ஆறின் கந்தக அணுக்கள் அவற்றைப் பிடித்திருக்கின்றன. ஒவ்வோர் அயனிக்கும் நான்கு பிடிகள் தேவை. ஆறில் இரண்டு கந்தகங்கள் இரு அயனிகளுக்கும் பொதுவாக நிற்பதால் கணக்கு சரியாகிறது. இப்படி இறுகிய சிறு முடிச்சு டி.என்.ஏ.வின் பெரிய பள்ளத்துக்குள் இறங்க, 18ஆவது இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் அந்த மூன்று எழுத்துகளைத் தொட்டு அறிகிறது. இரண்டு முடிச்சுகளுக்கும் நடுவே, இரு புரதங்களின் சுருள்களும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு டி.என்.ஏ.வுக்குச் செங்குத்தாக நிற்கின்றன. முடிச்சையும் சுருளையும் இணைப்பது ஒரு மெல்லிய இணைப்புத் துண்டு.

இங்கேதான் சிக்கல் வருகிறது. ஈஸ்ட்டின் பிபிஆர்1, புட்3 ஆகிய புரதங்களிலும் இதே துத்தநாக முடிச்சு இருக்கிறது. அவை படிப்பதும் இதே சி-ஜி-ஜிதான். பிறகு எப்படி ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்காராமல் இருக்கிறது?

விடை இடைவெளியில் இருக்கிறது. கேல்4க்கு இரு முனைகளுக்கும் நடுவே 11 எழுத்துகள் வேண்டும், புட்3க்கு 10, பிபிஆர்1க்கு 6. ஒன்று கூடினால் அல்லது குறைந்தால் என்ன என்று தோன்றலாம். டி.என்.ஏ. முறுக்கேணி என்பதை மறந்துவிடக் கூடாது. ஓர் எழுத்து தள்ளினால் தூரம் மாறுவதோடு, முனை ஏறத்தாழ 35 பாகை சுழன்றும் விடுகிறது. கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தாலும் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

அந்தக் கையின் அளவைத் தீர்மானிப்பது எது என்று 1993இல் சோதித்தார்கள். முடிச்சை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அடுத்துள்ள 19 அமினோ அமிலங்களை மட்டும் ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பொருத்தினார்கள். கேல்4இன் முடிச்சு, பிபிஆர்1இன் இணைப்புத் துண்டு. கலப்புப் புரதம் 11 எழுத்து இடைவெளியைத் தேடவில்லை; 6 எழுத்து இடைவெளியில் போய் அமர்ந்தது.