தையல் அறையை ஒழுங்குபடுத்தும்போது தரையிலிருந்து தொடங்குங்கள்

சேலத்தில் ஆடிப் பண்டிகைக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில், வீட்டிலேயே தைக்கிற பெண்களின் அறைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. அம்மாப்பேட்டை, குகை, தாதகாப்பட்டி பக்கம் என்னிடம் தையல் படித்த பலர் இப்படித்தான் மெஷின் போட்டுத் தைக்கிறார்கள். கட்டில் மேல் ப்ளவுஸ் பிட்டுகள், ஜன்னல் திட்டில் நூல்கண்டுகள், மெஷினுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டுத் துண்டுகள். "எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலைங்க அக்கா" என்பார்கள். உடனே அலமாரி, ரேக் என்று பேச்சுப் போகும். அலமாரி அப்புறம். முதலில் தரையைப் பாருங்கள்.

இந்த அறையில் ஆளைக் குத்துவதும் தடுக்கி விழவைப்பதும் தீப்பிடிக்க வைப்பதும் கடைசியில் தரைக்குத்தான் வந்து சேர்கின்றன. உடைந்த ஊசி முனை, குண்டூசி, ப்ளவுஸ் ஹூக், ஒயர் எல்லாம் துணிக்குவியலுக்கு அடியில் மறைந்து கிடக்கும். அதே அறையில்தான் குழந்தை தவழும்.

பழைய ஸ்பீக்கரில் இருக்கும் வட்டக் காந்தம் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வாயைக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, துணியை எடுத்த இடத்திலெல்லாம் தரையை ஒட்டி மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். ஊசிகள் கவரின் மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு கவரை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் காந்தத்தை உருவிவிட்டால் எல்லாம் கவருக்குள்ளேயே தங்கிவிடும், கை படாது. பித்தளைக் குண்டூசி காந்தத்தில் ஒட்டாது என்பதால் அதன்பின் விளக்குமாறும் போட வேண்டும். இதற்காகச் சின்ன உருண்டைக் காந்தங்களை மட்டும் வாங்காதீர்கள். குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால், அவை ஒன்றையொன்று இழுத்து நடுவில் மாட்டிய குடலைத் துளைத்துவிடும்.

ஏற்றுமதி கார்மெண்ட் கம்பெனிகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் துணி தனியே ஒதுக்கப்பட்டு, உலோகம் கண்டுபிடிக்கும் கருவியில் போய் வர வேண்டும். யாரோ ஒரு குழந்தையின் உடம்பில் அந்தத் துணி படப்போகிறது என்பதால்தான் அவ்வளவு கண்டிப்பு. நம் வீட்டிலும் அதே குழந்தைதான் போடப்போகிறது. மூடி உள்ள ஒரு மாத்திரை டப்பாவை மெஷின் பக்கத்தில் வைத்து, உடைந்ததை அப்போதே அதில் போடுங்கள். முனை கிடைக்கும் வரை அடுத்த ஊசியை மாட்ட வேண்டாம்.

காலில் ஊசி ஏறிவிட்டால் ஊசியின் மீதியை எடுத்து முனை இருக்கிறதா என்று பாருங்கள். முனை இல்லையென்றால் பிதுக்குவது, இன்னொரு ஊசியால் கிளறுவது, "வலி போயிடுச்சு" என்று நடந்து திரிவது எதுவும் கூடாது. மீதித் துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எஃகுத் துண்டு எக்ஸ்ரேயில் தெரியும். கடைசியாக டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எப்போது போட்டீர்கள் என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது கரண்ட். எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். பாக்ஸை அப்படியே துணி மேல் வைத்துவிட்டுச் சமையல் கட்டுக்குப் போவோம், அங்கே வேலை இழுத்துக்கொள்ளும். கரண்ட் திரும்பி வரும்போது அறையில் ஆள் இருக்காது. கரண்ட் போன நிமிடமே பிளக்கைப் பிடுங்கிவிடுவது என்று கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றிலேயே அதையும் மோட்டாரையும் ஃபேனையும் மாட்டி, அந்த ஒயர் மேல் பாலியஸ்டர் துண்டுகளையும் குவித்து வைத்தால் சூடு வெளியேற வழியில்லை. அயர்ன் பாக்ஸுக்குச் சுவரில் தனி பிளக் இருக்கட்டும்.

மெஷினில் அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும் கேஸைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் சேரும் பஞ்சைப் பிரஷால் தட்டி எடுங்கள். எண்ணெயோடு சேர்ந்து அது கம்பளி மாதிரி இறுகிப்போகும். அடிக்கடி நூல் அறுந்தால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

தரை தெரிந்தபின் துணிக்கு வாருங்கள். முதலில் தனியாகப் பிரிக்க வேண்டியது பட்டு. வெண்பட்டுக்குப் பேர் போன ஊர் நம்முடையது, ஆனால் வெள்ளைப் பட்டில் குண்டூசித் துரு ஏறினால் ஒரு புள்ளிகூடப் பளிச்சென்று தெரியும், எளிதில் போகாது. ஏற்காட்டிலிருந்து வரும் மாணவிகளிடம் இதை அழுத்திச் சொல்வேன். மழையும் பனிமூட்டமும் உள்ள மாதங்களில் அங்கே ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும், துணியில் பூஞ்சை பிடிக்கும். பட்டில் ஊசி குத்தியபடி ராத்திரி விட்டுவிட்டுப் போகாதீர்கள். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும். துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றுங்கள்.

வெட்டுத் துண்டுகள்தான் மனசு வராத இடம். உள்ளங்கையைவிடச் சின்னதை வைத்துக்கொள்ளாதீர்கள், அதில் உருப்படியாக ஒன்றும் வராது. பெரிய பருத்தித் துண்டுகளைத் தனிப் பையில் சேருங்கள். துண்டு கோத்துப் போர்வை தைப்பதானால் வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தைத்தபின் ஒரு துண்டு சுருங்கிப் பக்கத்துத் துண்டைச் சுண்டி இழுக்கும். பாலியஸ்டரை இதில் கலக்க வேண்டாம். பருத்தியை அயர்ன் பண்ண வேண்டிய சூட்டில் அது இளகிச் சுருங்கக்கூடும். மீதித் துண்டுகளை மூட்டை கட்டி எடைக்குப் போடுங்கள், மொட்டை மாடியில் கொளுத்தாதீர்கள்.

கடைசியாக, அளவு ஜாக்கெட். வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்தது அது. தொலைந்தால் வாய்ச்சண்டையோடு வாடிக்கையும் போகும். காகிதச் சீட்டைக் குண்டூசியில் குத்தினால் சீட்டு ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம் விழும். ஒரு கெட்டித் துணி நாடாவில் பெயரையும் கொடுக்க வேண்டிய தேதியையும் அழியாத மார்க்கரில் எழுதி, அளவு ஜாக்கெட், பிட், லைனிங் மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடியில் தேதி வரிசையில் மாட்டுங்கள். ஒன்றை முடித்து மாட்டியபிறகே அடுத்த கட்டை அவிழுங்கள்.