விசுவாசம்: முத்துக்குளித்துறையில் திருத்தப்பட்ட சொல்

‘விசுவாசம்’ இன்று தமிழில் இரண்டு இடங்களில் புழங்குகிறது. வீட்டு நாயைப் பற்றியோ, ஒரே முதலாளியிடம் முப்பது வருடம் வேலை பார்த்தவரைப் பற்றியோ பேசும்போது ‘நன்றி விசுவாசம்’ என்கிறோம். அப்புறம் கோயிலில். தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் தங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அங்கே விசுவாசம் என்றால் கடவுளிடம் வைக்கும் பற்று. வயதானவர்கள் செபம் சொல்லும்போது இன்றும் ‘சர்வேசுரனை விசுவசிக்கிறேன்’ என்பார்கள். இளையவர்கள் ‘கடவுளை நம்புகிறேன்’ என்பார்கள். ஒரே குடும்பத்தில், ஒரே செபமாலையில், இரண்டும் கேட்கும்.

இந்தச் சொல் அந்தக் கரையின் செபத்துக்குள் எப்படி வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. ஒரு சொல்லை அடித்துவிட்டு இன்னொன்றை வைத்த கடிதம் அது. அடிபட்ட சொல் ‘வேணும்’.

முதலில் கரையைச் சொல்லிவிடுகிறேன். வேம்பாரிலிருந்து தெற்கே வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று போகும் ஊர்களை ஏழூர் என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். இவற்றுக்கு இடையே சின்னச் சின்னக் கரையூர்கள். முன்னால் மன்னார் வளைகுடா. தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் புன்னைக்காயல். கருமேனியாறு சேரும் இடத்தில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்றோடு மணப்பாடு. கரையிலிருந்து தள்ளி, கடலடியில் முத்துச்சிப்பி விளையும் பாறைத் திட்டுகள். அவற்றைப் ‘பார்’ என்பார்கள். இந்தப் பார்களால்தான் பகுதிக்கே முத்துக்குளித்துறை என்று பேர் வந்தது.

இங்கே வாழும் பரதவர் சங்கப் பாடல்களிலேயே இருப்பவர்கள். கொற்கை முத்தும் பரதவரும் சேர்ந்தே பேசப்படுகிறார்கள். பரதவர் சுறாமீனின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வத்தை வைத்து வணங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அது காவிரிப்பூம்பட்டினத்துக் காட்சி. ஆனாலும் கடல் கொடுத்ததையே கடவுளுக்கு அடையாளமாக நிறுத்தும் அந்தப் பழக்கம், மணப்பாட்டில் உடைந்த கப்பலின் மரத்தால் சிலுவை செய்து குன்றில் நட்டார்கள் என்ற ஊர்க்கதையைக் கேட்கும்போது எனக்கு உடனே நினைவுக்கு வரும். அந்தக் குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயிலுக்கு இப்போதும் செப்டம்பர் 14ஆம் தேதித் திருவிழாவில் கூட்டம் நிரம்பி வழிகிறது.

1530களில் முத்துக்குளிக்கும் உரிமையை ஒட்டி இந்தக் கரையில் பெரும் பகை மூண்டது. பரதவர் தலைவர்கள் ஜொவாம் த குருஸ் என்ற வணிகர் வழிகாட்ட, கொச்சியில் இருந்த போர்த்துக்கீசியரிடம் போய்ப் பாதுகாப்புக் கேட்டார்கள். அதோடு ஞானஸ்நானமும் வந்தது. ஒன்றிரண்டு வருடத்துக்குள் ஏறத்தாழ 20,000 பேர் கிறிஸ்தவர்களானார்கள் என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. அவர்களுக்குத் தமிழில் மறை சொல்லித்தர அன்று யாரும் இல்லை. பேர் மாறியது, கழுத்தில் சிலுவை ஏறியது. செபம் மட்டும் தெரியாது.

1542இல் இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் சவேரியார் மறை பரப்ப வந்தபோது நிலைமை இதுதான். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரளவு தெரிந்த உள்ளூர்க்காரர்களை உட்கார வைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம் (கிறிஸ்தவர்கள் எதையெல்லாம் நம்புகிறார்கள் என்று அறிக்கையிடும் செபம்), கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை எல்லாவற்றையும் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் சொல்லி ‘இதை ஏற்கிறீர்களா’ என்று கேட்பதும், கூட்டம் கைகளை மார்பில் சிலுவையாகக் குறுக்கே வைத்துக்கொண்டு உரக்க ‘ஆம்’ என்று சொல்வதும் அவரே 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

அதே ஆண்டில், கரையில் பணிசெய்த தோழர் மன்சிலாசுக்கு அவர் இன்னொரு கடிதம் எழுதினார். பிரமாணத்தைச் சொல்லும்போது ‘எனக்கு வேணும்’ என்று சொல்கிறீர்களே, அந்த ‘வேணும்’ வேண்டாம், அதன் பொருள் ‘விரும்புகிறேன்’ என்பது. அதற்குப் பதில் விசுவாசம் என்ற சொல்லைப் போடுங்கள், அதுதான் ‘நம்புகிறேன்’ என்ற பொருள் தரும் என்பது அதன் சாரம். ரோம எழுத்தில், காதில் விழுந்தபடி எழுதியதால் சொற்கள் சிதைந்துதான் இருக்கின்றன; ஆனால் ‘எனக்கு வேணும்’ பளிச்சென்று தெரிகிறது. கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் இடத்தில் ‘வன்பினாலே’ என்றோ ‘வம்பினாலே’ என்றோ படிக்கத் தோன்றும் ஒரு சொல்லையும் நீக்கச் சொல்கிறார். அது பலவந்தத்தைக் குறிக்குமாம். கிறிஸ்துவோ மனம் உவந்து பாடுபட்டவராம். தமிழ் அறியாத ஒருவர் இரண்டு வருடத்துக்குள் இவ்வளவு நுணுக்கமாகச் சொல் பார்த்திருக்கிறார். அவருக்கு இதை எடுத்துச் சொல்லித் திருத்தியவர்கள் யாரோ கரைக்காரர்கள்தான். அவர்கள் பேர் அந்தக் கடிதத்தில் இல்லை என்பது எனக்கு வருத்தம்.

சரி, புதிதாக வந்த சொல்லின் வேர் என்ன? விசுவாசம் வடசொல். ‘சுவஸ்’ என்ற வினைக்கு மூச்சுவிடுதல் என்று பொருள். சுவாசம் அதிலிருந்துதான் வருகிறது. ‘வி’ முன்னொட்டு சேர்ந்தால், பயமில்லாமல் மூச்சைத் தளரவிட்டு இருப்பது. அதிலிருந்து ஒருவர்மேல் ஐயமில்லாத நிலை, நம்பகம் என்று பொருள் விரிந்தது. மலையாளத்தில் இது இன்றும் அன்றாடச் சொல். கேரளச் சட்டசபையில் நம்பிக்கை இல்லாத் தீர்மானத்தை ‘அவிசுவாசப் பிரமேயம்’ என்கிறார்கள். தமிழில் அப்படிப் பரவவில்லை. கிறிஸ்தவ வழக்கிலும், நாய்க்கும் வேலையாளுக்கும் சொல்லும் அந்த நன்றிப் பொருளிலும் நின்றுவிட்டது.

மூச்சுக்கும் விசுவாசத்துக்கும் உள்ள இந்த உறவு முத்துக்குளித்தவர்களின் கரையில் கூடுதலாக ஒட்டுகிறது. கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி, பல பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழத்துக்கு இறங்குவார்கள். கீழே ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். சிப்பியை அள்ளிக் கூடையில் போட்டுக் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மச்சானாக இருப்பார் என்று சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலியோடு இருக்க வேண்டுமே என்ற அக்கறை அவருக்குத்தானே இருக்கும்! தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல். அதன்பின் பார்களில் சிப்பி விளைச்சல் தேறவில்லை. முத்தெடுத்த கைகள் சங்குக்கும் மீனுக்கும் போயின.

இனி விசுவாசத்துக்கு ஈடான தமிழ்ச்சொல். ‘நம்பிக்கை’ என்று எல்லோரும் உடனே சொல்வார்கள். சரிதான், ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. புரொட்டஸ்டன்ட் சபைகள் இன்றும் வாசிக்கும் பழைய பைபிள் மொழிபெயர்ப்பில், பவுல் கொரிந்தியருக்கு எழுதும் புகழ்பெற்ற மூன்று சொற்கள் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’. அங்கே நம்பிக்கை இரண்டாவது இடத்தில் நிற்கிறது. இனி வரப்போகும் நன்மைக்காகக் காத்திருப்பது என்று பொருள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே இடம் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என்று வருகிறது. நம்பிக்கை முதல் இடத்துக்கு ஏறிவிட்டது; காலியான இடத்துக்கு எதிர்நோக்கு வந்தது. பழையதில் பழகியவர் புதியதைக் கேட்டால் குழம்பத்தான் செய்வார். இதனால் ‘நம்பிக்கை’ என்ற சொல்லை வைத்துப் பழைய செபப் புத்தகத்தையும் புதியதையும் ஒப்பிடும்போது, எது எந்தப் பதிப்பு என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கைக்கும் முன்னால் தமிழில் இந்தப் பொருளுக்குத் ‘தெளிதல்’, ‘தேறுதல்’ இருந்தன. ‘தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்று வள்ளுவர் சொல்லும்போது தெளிந்தான் என்றால் நம்பப்பட்டவன். ஆராய்ந்து பார்த்து, கலக்கம் தெளிந்து, பிறகு ஒருவரை ஏற்பது. நல்ல சொல், ஆனால் செபத்தில் ‘கடவுளைத் தெளிகிறேன்’ என்றால் இன்று யாருக்கும் புரியாது.

அப்படியானால் நம்பு? இங்கேதான் எனக்கு வியப்பு. தொல்காப்பியத்தின் உரியியல் ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்கிறது. நசை என்றால் விருப்பம். நம்பு என்ற சொல்லின் பழைய பொருள் விரும்புவது! ஒன்றை விரும்பி அதன் பக்கம் சாய்வதிலிருந்துதான் அதன்மேல் உறுதி வைப்பது என்ற இன்றைய பொருள் வளர்ந்திருக்க வேண்டும். 1542இல் சவேரியாருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்த கரைக்காரர்கள் ‘எனக்கு வேணும்’ என்று சொன்னபோது, அறியாமலே தமிழின் பழைய வழியில்தான் நடந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பிரமாணத்துக்கு அது பொருந்தாது, திருத்தியது சரி. ஆனால் அதைப் பாமரத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வராது. ‘வேண்டு’ என்ற அதே வினையிலிருந்துதான் வேண்டுதலும் வருகிறது. ஆசைப்படுவதும் கடவுளிடம் கேட்பதும் தமிழில் ஒரே சொல்.

இன்றைய வழக்குக்கு என் பரிந்துரை: விசுவாசப் பிரமாணத்தை நம்பிக்கை அறிக்கை என்றும், விசுவாசியை நம்பிக்கையாளர் என்றும் சொல்லலாம், கத்தோலிக்க வழிபாட்டில் இது பெரும்பாலும் வந்துவிட்டது. விசுவாசத் துரோகம் ஏற்கெனவே நம்பிக்கைத் துரோகம் ஆகிவிட்டது. நன்றி விசுவாசத்துக்கு ‘நன்றியுணர்வு’ போதும். ஒருவரையோ கட்சியையோ விடாமல் பிடித்திருப்பதற்குப் ‘பற்று’ இருக்கிறது. ஆனால் ‘விசுவசிக்கிறேன்’ என்று பழகிய பாட்டியைத் திருத்தப் போக வேண்டாம். தூத்துக்குடிப் பனிமய மாதாவை அவர் ‘தஸ்நேவிஸ் மாதா’ என்று போர்த்துக்கீசியத்தில்தான் கூப்பிடுவார். அந்தச் சொல்லில் அவர் குடும்பத்தின் நானூறு வருடம் இருக்கிறது.

பூசையில் நம்பிக்கை அறிக்கை முடிந்ததும் வருவது, முன்பு ‘விசுவாசிகள் மன்றாட்டு’, இப்போது ‘நம்பிக்கையாளர் மன்றாட்டு’. மன்று என்பது ஊர் அவை. அங்கே நின்று தன் வழக்கைச் சொல்லிக் கேட்பது மன்றாடுதல். திருச்சபைக்காக, நாட்டுக்காக என்று பொதுவானவற்றை வாசித்த பின் ஊருக்கான வேண்டுதலும் வரும். கரையூர்களில் அந்த வேண்டுதல்களுக்குப் பஞ்சமில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையையும், 2017 நவம்பர் கடைசியில் குமரிக்கடலில் ஒக்கி புயலையும் பார்த்த கடற்கரை இது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை; அந்த நாட்களில் விசைப்படகுத் தொழிலாளி வீட்டு அடுப்பு எரிய வேண்டும். திருச்செந்தூர் பக்கம் ஆலந்தலை, அமலிநகர் போன்ற ஊர்களில் கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. கரையில் ஏற்றி வைக்கும் படகுக்கே இடமில்லாமல் போகிறது. மணப்பாட்டுக்குப் பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து, ஏவும் நாட்களில் கடலுக்குப் போக முடியுமா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

எதிர்நோக்கு என்ற புதுச் சொல் இங்கே புத்தகத்துக்கு வெளியே வந்துவிடுகிறது. வள்ளம் திரும்பும் நேரத்தில் கரையில் நிற்பவர் கடலை எதிர்நோக்கித்தான் நிற்கிறார். அலையைத் தடுக்கக் கரையூர்கள் பல வருடங்களாகக் கேட்டுவருவது கல்லால் கட்டும் தூண்டில் வளைவு. அதைக் கேட்டு மறியலில் உட்காரும்போதும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மன்றாடும்போதும் அவர்கள் சொல்வது ‘எங்களுக்குத் தூண்டில் வளைவு வேணும்’ என்றுதான்.