கட்சி: பக்கமா, புகலிடமா?

புதுசா கட்சி பதிவு பண்ணணும்னு ஊர்லேருந்து மூணு பேர் டெல்லி வந்து கரோல் பாக்ல ரூம் போட்டிருந்தாங்க, தெரிஞ்சவர் சொல்லி, கட்சி விதிமுறையோட இங்கிலீஷ் காப்பிய ஒருதடவ பாத்துக் குடுங்கன்னு என்கிட்ட வந்தாங்க. பாத்தா 'கட்சிக்காரர்'னு தமிழ்ல இருந்த இடமெல்லாம் 'கிளையன்ட்'னு இருக்கு. கோர்ட் பேப்பர் டைப் பண்றவர்கிட்ட குடுத்திருக்காங்க, அவருக்கு அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம், அவர்மேல தப்பே இல்ல.

ஏன்னா இந்த வார்த்தை வழக்காடுற இடத்துலயும் புழங்குற வார்த்தை, வக்கீல் வச்சு வழக்கு நடத்துறவரையும் கட்சிக்காரர்னுதான் சொல்வாங்க. பட்சி, லட்சம்லாம் பக்ஷி, லக்ஷத்துலேருந்து வந்த மாதிரி இதுவும் கக்ஷிதான். கன்னடத்துலயும் தெலுங்குலயும் வழக்கு நடத்துற ஆளுக்கு இன்னைக்கும் கக்ஷிதார், கக்ஷிதாருன்னுதான் பேரு. வடமொழில கக்ஷம்னா அக்குள், விலாப்பக்கம், பைய கக்கத்துல இடுக்கிக்கிட்டுன்னு சொல்றோமே அந்தக் கக்கமும் இதே குடும்பம். ஆக கட்சின்னா ஒரு பக்கம், ஒரு தரப்பு. தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகைல ரெண்டு தரப்பா நின்னு பாடுற லாவணிப் பாட்டுல மன்மதன் எரிஞ்சானா இல்லையான்னு விடிய விடிய பாடுவாங்க, எரிந்த கட்சி, எரியாத கட்சின்னு. தேர்தல்னா என்னன்னே தெரியாதவங்களும் கட்சி கட்டித்தான் பேசியிருக்காங்க.

இன்னொரு கட்சியும் இருக்கு, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. புறநானூறு 202ல கபிலர், வேட்டுவர் துரத்த 'கட்சி காணாக் கடமா'ன்னு பாடுறாரு, ஒதுங்க இடம் கிடைக்காம ஓடுற காட்டு மாடு. அங்க கட்சின்னா புகலிடம். எழுத்து ஒண்ணா இருந்தாலும் இது வேற சொல், ரெண்டயும் குழப்பிக்கக் கூடாது.

சரி, வடமொழிலேருந்து வந்த அந்த முதல் கட்சிக்கு நல்ல தமிழ்ல என்ன சொல்றதுன்னா, அணின்னு சொல்லலாம், ஆனா இப்ப அது ஒரே கட்சிக்குள்ள பிரிஞ்சு நிக்கிறவங்களுக்குன்னு ஆயிடுச்சு. கழகம் திருக்குறள்ல சூதாடுற இடம், அப்புறம் கம்பர்கிட்ட கலை கத்துக்கிற இடமாச்சு, 1944ல திராவிடர் கழகம் வந்தப்புறம் அரசியலுக்கே உரிய பேரா நின்னுடுச்சு, ஆனாலும் பொதுப்பேரா எல்லாத்துக்கும் பொருந்தாது. பொருளுக்குக் கச்சிதமா பொருந்துறது 'பால்'தான், 'ஒருபால் கோடாமை'ன்னு வள்ளுவர் சொன்ன அதே பால், பக்கம்னு அர்த்தம். இங்கிலீஷ் பார்ட்டியும் பிரிவு, பகுதிங்கிற வேர்லேருந்து வந்ததுதான். ஆனா புதுப்பால் ஆரம்பிச்சிருக்கோம்னு சொன்னா பால் பூத்துன்னு நினைப்பாங்க. அதனால பொதுப்பேருக்குக் கட்சியே இருக்கட்டும்னுதான் நான் சொல்வேன், இத்தன தலைமுறை வாய்ல புழங்கி அது நம்ம சொல்லாயிடுச்சு.

'பதிவு' சுத்தமான தமிழ், பதியம் போடுறோமே அதே பதி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951ல 29ஏ பிரிவு இதுக்குன்னே இருக்கு. கட்சி தொடங்கின 30 நாளுக்குள்ள அசோகா ரோடு நிர்வாசன் சதன்ல இருக்கிற தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பம் போயிடணும், அரசியலமைப்புக்கும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகத்துக்கும் உண்மையா இருப்போம், நாட்டோட இறையாண்மையயும் ஒற்றுமையயும் காப்போம்னு விதிமுறைலயே இருக்கணும், வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற உறுப்பினர் குறைஞ்சது 100 பேர், வேற எந்தக் கட்சிலயும் இல்லன்னு ஒவ்வொருத்தரும் அஃபிடவிட் குடுக்கணும். வந்தவங்க பையில பாதி அதுதான், சிவப்பு நூல்ல கட்டி, சில தாள்ல கைநாட்டு மை பக்கத்துத் தாள்லயும் ஒட்டியிருந்துச்சு.

பதிவும் அங்கீகாரமும் ஒண்ணுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க, அந்த மூணு பேரும் அப்படித்தான் நினைச்சிருந்தாங்க. பதிவுங்கிறது பேர் ஏறுறது மட்டும்தான். அங்கீகாரம் ஓட்டு வாங்கினப்புறம் வர்றது, ஒரு வழி சட்டமன்றத் தேர்தல்ல 6 சதவீத ஓட்டும் 2 எம்எல்ஏவும், அப்பதான் மாநிலத்துல தனக்குன்னு ஒதுக்கின சின்னம். இத விளக்கிச் சொல்லிட்டு, 'கிளையன்ட்' இருந்த இடத்துலயெல்லாம் 'மெம்பர்'னு மாத்திக் குடுத்தேன், மொத்தம் 27 இடம்.