பஸ் தகட்டில் ரிவிட் மறைய வேண்டுமா? பட்டியை அப்புறம் எடுங்கள்

பழைய பஸ்ஸை உணவு வண்டியாகவோ கேரவனாகவோ மாற்றுகிறவர்கள் பட்டறையில் முதலில் கேட்பது, பக்கவாட்டு அலுமினியத் தகட்டில் ரிவிட் தலை தெரியக் கூடாது என்பதுதான். பட்டி (மேடுபள்ளத்தை நிரப்பும், ஹார்டனர் கலந்து இறுகும் பசை) போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் வண்டி எடுக்கும் அன்று தெரியாது. வேலூர் வெயிலில் ஒரு கோடை நின்றால் ரிவிட்டைச் சுற்றி வளையமாக வெடிப்பு விடும். பட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆடுகிற ரிவிட்டின் மேல் எந்தப் பட்டியும் நிற்காது.

8 அடி அலுமினியத் தகடு 40 டிகிரி சூடேறினால் 2 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். அடியிலுள்ள இரும்புச் சட்டம் அதில் பாதிதான் நீளும். அந்த இழுபறி முழுவதும் ரிவிட்டில் விழுகிறது.

விரல் நுனி பாதி ரிவிட் தலையிலும் பாதி தகட்டிலும் படும்படி வைத்து, பக்கத்தில் மறு கையின் விரல் முட்டியால் தட்டுங்கள். தலை தனியாக அசைந்தால் தளர்ந்துவிட்டது. சுற்றிலும் கருப்புக் கறை இருந்தாலும் அப்படியே. அதைத் துளைத்தெடுத்து ஒரு சைஸ் பெரியது போடுங்கள்: 4 மி.மீ. இருந்த இடத்தில் 4.8, துளைக்கு 4.9 பிட். தலை தகட்டோடு சமமாக உட்காரக் குழி குடையும் பிட்டின் கோணம் ரிவிட் தலையின் கோணமாகவே இருக்க வேண்டும். 120 டிகிரி தலைக்கு 90 டிகிரி பிட்டால் குடைந்தால் தலை ஓரத்தில் மட்டும் உட்கார்ந்து சீக்கிரம் ஆடும். தகட்டின் முழுக் கனத்தையும் குடைந்துவிட்டால் துளை விளிம்பு கத்திபோல் மெலிந்து கிழியும். அவ்வளவு மெல்லிய தகடானால், மறைக்கும் ஆசையை விட்டுக் குமிழ்த்தலை ரிவிட்டை நேர்வரிசையில் அடிப்பதே மேல். பாப் ரிவிட்டின் (நடுவிலுள்ள கம்பியை இழுத்து அடிக்கும் ரிவிட்) நடுத்துளையை எபாக்ஸிப் பசையால் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பழுப்பாக வழியும்.

அடுத்து, எண்ணெய்ப்பசை போகத் துடைத்துவிட்டு 120 நம்பர் எமரித் தாளால் தேய்க்க வேண்டும். இரும்பு பிரஷ் கூடாது. அலுமினியத்தில் பதியும் இரும்புத்துகள் அரிப்பைத் தொடங்கிவைக்கும். தேய்த்த அலுமினியத்தில் ஆக்சைடு உடனே படர ஆரம்பிக்கும், அதனால் அன்றைக்கே இரண்டு பாக எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். எட்ச் பிரைமர் (அமிலம் கலந்த பிரைமர்) மேல் நேராகப் பட்டி போடாதீர்கள். அதன் அமிலம் பட்டியைச் சரியாக இறுக விடாது, பிறகு உரிந்து வரும்.

100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர் போதும். கூடினால் மேல் பெயிண்டில் கறையாக ஊறி வரும். சித்திரை வெயிலில் கலவை நாலைந்து நிமிஷத்தில் இறுகிவிடும். காலையில், நிழலில், தகடு சூடேறுமுன் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். தலைக்கு மேல் மட்டும் வைக்காமல் நாலு விரல் அகலத்துக்கு இழுத்து விடுங்கள், கனம் 2 மி.மீ. தாண்ட வேண்டாம். இறுகியபின் நீளக் கட்டையில் 80, 120, 180 என்று உலர்ந்த எமரியால் தேய்க்க வேண்டும். தண்ணீர் வைத்துத் தேய்த்தால் பட்டி உறிஞ்சிக்கொண்டு பின்னால் கொப்புளம் விடும். முகக்கவசம் கட்டாயம்.

தகடும் தகடும் சேரும் கோட்டில் பட்டி வேண்டவே வேண்டாம். அங்கே பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட்தான், அது நெளிந்து கொடுக்கும்.

அடர்நிறப் பளபளப்பு சின்ன மேடுபள்ளத்தையும் காட்டும், தகட்டையும் கூடுதலாகச் சூடாக்கும். வெள்ளை அல்லது கிரீம் எடுங்கள். நிறமும் பாடி வகையும் ஆர்.சி.யில் இருப்பவை, வேலையைத் தொடங்குமுன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிவிடுங்கள்.