பாறைக்குள் முந்திக்கொள்ளும் நீர்

எங்காவது புதிய எண்ணெய் வயல் கண்டறியப்பட்டால், இத்தனை கோடி பீப்பாய் கிடைத்துவிட்டது என்று உடனே பேசத் தொடங்கிவிடுகிறோம். பாறைக்குள் இருப்பது வேறு, நம் கைக்கு வருவது வேறு. உலக வயல்களின் சராசரியைப் பார்த்தால், இருப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. மீதி ஏன் வருவதில்லை என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பாறை மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் அதை விளக்க விரும்புகிறேன்.

நிலத்தடியில் எண்ணெய் ஏரியாகத் தேங்கியிருப்பதில்லை. மணற்பாறையில் மணலுக்கும் மணலுக்கும் நடுவே, பெரும்பாலும் தலைமுடியைவிடக் குறுகலான இடுக்குகளில் இருக்கிறது. வயலின் இயற்கையான அழுத்தம் குறைந்ததும், சில கிணறுகள் வழியாக நீரைச் செலுத்தி, மற்ற கிணறுகளை நோக்கி எண்ணெயைத் தள்ளுகிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பிராட்ஃபோர்டு வயலின் பழைய கிணறுகளில் தற்செயலாகப் புகுந்த நீர் பக்கத்துக் கிணறுகளின் உற்பத்தியைக் கூட்டியதிலிருந்து பிறந்த முறை இது. அங்கே சட்டம் இதை அனுமதித்தது 1921-இல்தான்.

ஆய்வகத்தில் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்கிறோம். ஒன்றரை அங்குல விட்டமும் விரல் நீளமும் உள்ள பாறை உருளையில் எண்ணெயை நிரப்பி, ஒரு முனையில் நீரைச் செலுத்துவோம். மறுமுனையில் சொட்டுவதைக் கண்ணாடிக் குழாய்களில் வரிசையாகப் பிடிப்போம். முதல் குழாய்களில் எண்ணெய் மட்டுமே இருக்கும். பிறகு ஒரு குழாயின் அடியில் முத்துப்போல ஒரு நீர்த்துளி தெரியும். அடுத்தடுத்த குழாய்களில் நீர் மளமளவென்று ஏறும். இன்னும் சில குழாய்கள் தள்ளிப் பார்த்தால், நீரின் மேல் மெல்லிய எண்ணெய் வளையம்தான் மிஞ்சும். அதன்பின் எவ்வளவு நீரைச் செலுத்தினாலும் பெரிய பலன் இல்லை. உருளையை எடுத்து அளந்தால் உள்ளே கணிசமான எண்ணெய் இருக்கும்.

காரணம் இரண்டு. மணல்மணிகளின் மேல் ஒட்டிப் படர்ந்திருக்கும் நீர்ப்படலம், துளையின் கழுத்துப் பகுதியில் தடித்து, எண்ணெய் இழையை நெரித்து அறுத்துவிடுகிறது. அறுந்த துளி அந்தத் துளைக்குள்ளேயே சிறைப்படுகிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது பரப்பு இழுவிசை. அழுத்தத்தைக் கூட்டித் தள்ளிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அதற்குத் தேவைப்படும் அழுத்தத்தை வயலில் கொடுக்கப் போனால் பாறையே பிளந்துவிடும். சோப்பு போன்ற வேதிப்பொருள்களால் பரப்பு இழுவிசையை ஆயிரக்கணக்கான மடங்கு குறைத்தால்தான் துளி நகரும். செலவு மிகுந்த வேலை அது.

இரண்டாவது காரணம் நீரின் அவசரம். பாகான திரவத்தை நீர்மையான திரவம் தள்ளும்போது, முன்முகப்பு நேராக நகராமல் விரல் விரலாகப் பிரிந்து பாயும். நெருக்கமாக வைத்த இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே இதை நிகழ்த்திக் காட்டி, 1958-இல் கணித விளக்கமும் தந்தார்கள் சாஃப்மன், டெய்லர் என்ற இரு அறிவியலாளர்கள். பாறையில் ஊடுருவுதிறன் மிகுந்த, அதாவது திரவம் எளிதில் புகுந்து ஓடக்கூடிய அடுக்கு ஒன்று இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். வரப்பில் எலிவளை கண்ட வாய்க்கால் நீர் வயலில் பரவாமல் அதன் வழியே ஓடிவிடுவதுபோல், செலுத்திய நீரெல்லாம் அந்த அடுக்கின் வழியாகவே உற்பத்திக் கிணற்றுக்குப் போய்விடும். இருபுறமும் உள்ள எண்ணெய் தொடப்படாமலே கிடக்கும்.

ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் உள்ள மங்களா வயல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2004-இல் கண்டறியப்பட்டு, 2009-இல் உற்பத்தி தொடங்கிய வயல் அது. அங்குள்ள எண்ணெயில் மெழுகு அதிகம். சாதாரண வெப்பநிலையிலேயே உறைந்துவிடும் என்பதால், குஜராத் வரை 600 கிலோமீட்டருக்கும் மேலான குழாயைச் சூடாகவே வைத்திருக்கிறார்கள். பாறைக்குள்ளும் அந்த எண்ணெய் நீரைவிடப் பல மடங்கு பாகாக இருப்பதால், வெறும் நீர் முந்திக்கொள்ளும். அதனால் நீரில் பாலிமரைக் கரைத்துக் கெட்டியாக்கிச் செலுத்துகிறார்கள். சீனாவின் தாச்சிங் வயலில் 1990-களிலேயே பெரிய அளவில் நடைமுறைக்கு வந்த உத்தி இது. முன்முகப்பைச் சீராக்குவதுதான் பாலிமரின் வேலை. சிறைப்பட்ட துளிகளை அது மீட்டுவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

உற்பத்தி வேகத்திலும் நிதானம் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். எண்ணெய் அடுக்குக்குக் கீழே நீர் இருக்கும் இடத்தில் கிணற்றிலிருந்து எண்ணெயை மிகையாக இழுத்தால், நீர் கூம்பாக எழும்பி வந்துவிடும். நீருக்குப் பாதை பழகிவிட்டால் பிறகு கிணற்றை மூடி வைத்தாலும் பழைய நிலை முழுதாகத் திரும்புவது அரிது. முதல் ஆண்டு உற்பத்தி எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டும் ஆசைக்கு வயல் பல ஆண்டுகள் விலை கொடுக்கிறது.

எண்ணெயை எடுத்தால் அடியில் குகை உண்டாகுமா என்று பலர் கேட்கிறார்கள். குகை உண்டாகாது, ஆனால் அழுத்தம் குறைந்தால் தளர்வான பாறை நசுங்கக்கூடும். கலிஃபோர்னியாவின் லாங் பீச் பகுதியில், வில்மிங்டன் வயலுக்கு மேலிருந்த நிலம் ஏறத்தாழ 9 மீட்டர் தாழ்ந்தது. 1958-இல் பெரிய அளவில் நீர் செலுத்தத் தொடங்கிய பிறகுதான் அது கட்டுக்குள் வந்தது.

வயலுக்கு வயதாக ஆக, எண்ணெயைவிட அதிகமாக உப்பு நீரே மேலே வரும். அதை நிலத்திலோ ஓடையிலோ விடக்கூடாது. எண்ணெயைப் பிரித்து, ஆக்சிஜனை நீக்கி, பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தி, மறுபடி அதே பாறைக்குள் செலுத்துவதுதான் முறையான வழி. ஆக்சிஜனை விட்டுவைத்தால் குழாய்கள் அரிக்கும். பாக்டீரியா பெருகினால் நச்சான ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உருவாகும். உங்கள் ஊருக்கு அருகில் எண்ணெய்க் கிணறு இருந்தால், எத்தனை பீப்பாய் எண்ணெய் வருகிறது என்பதோடு எவ்வளவு நீர் வருகிறது, அது எங்கே போகிறது என்றும் கேளுங்கள்.