மீதி எத்தனை படம்?

மொட்டைமாடியில் நின்று வெறும் நீல வானத்தைப் படம் எடுத்தேன். கேமராத் திரையில் மீதி எண்ணிக்கை 412. எடுத்த பிறகும் 412தான். அப்புறம் கேமராவை வேப்பமரத்தின் பக்கம் திருப்பி, படம் முழுக்க இலையாக நிறையும்படி ஒன்று எடுத்தேன். எண் சட்டென்று 410 ஆனது.

கேமராவில் பழுது ஒன்றும் இல்லை. அந்த எண் ஒரு மதிப்பீடு. ஒரு படம் ஏறக்குறைய இவ்வளவு இடம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு, கார்டில் மிச்சமுள்ள இடத்தைக் கேமரா அதால் வகுத்துச் சொல்கிறது. ஆனால் கேமரா படத்தைச் சுருக்கி எழுதும் ஜேபெக் (JPEG) கோப்புக்கு நிலையான அளவு கிடையாது.

24 மெகாபிக்சல் என்றால் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று தலா ஒரு பைட். மொத்தம் 72 எம்பி. அப்படியே எழுதினால் 64 ஜிபி கார்டில் 900 படம்கூடத் தேறாது. ஜேபெக்கில் அதே படம் 10 எம்பி வாக்கில் அடங்கிவிடுகிறது.

எப்படி என்பதுதான் அழகு. படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட குட்டிக் கட்டங்களாக ஜேபெக் பிரித்துக்கொள்கிறது. கட்டத்தின் 64 புள்ளிகளையும் தனித்தனியே எழுதாமல், அதன் சராசரி என்ன, ஒளி எங்கே மெல்ல மாறுகிறது, எங்கே வேகமாக மாறுகிறது என்று குறித்துக்கொள்கிறது. நம் கண் கவனிக்காத நுண்ணிய மாற்றங்களைக் கழித்துவிடுகிறது. வானத்துக் கட்டத்தில் சராசரியை எழுதினாலே பெரும்பாலும் வேலை முடிந்தது. வேப்பிலைக் கட்டத்திலோ விளிம்பு, நரம்பு, நிழல் என்று எழுதித் தீராது.

இருட்டில் எடுக்கும் படம் சிறியதாக இருக்கும் என்று தோன்றும். ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்திறன் அளவை, ஏற்றி எடுத்தால் நேர்மாறு. படமெங்கும் நாய்ஸ் எனும் தேவையற்ற புள்ளிகள் மணல் தூவியதுபோல் விழும். அது மணலா இலையா என்று ஜேபெக்குக்குத் தெரியாது. அதையும் விவரமாக எண்ணி எழுதி வைக்கும்.

சென்சார் அளந்ததை அப்படியே வைக்கும் ரா (RAW) கோப்பில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தை அளக்கிறது, அதற்கு 14 பிட் (8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்). 24 மெகாபிக்சலுக்குக் கணக்குப் போட்டால் 42 எம்பி. சுருக்காமல் வைத்தால் 64 ஜிபியில் சுமார் 1,500 படம்.

வீடியோ கணக்கு சுலபம், ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்பதில் உள்ளது பிட், பைட் அல்ல. 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. 64 ஜிபி கார்டு 85 நிமிடத்தில் நிறைந்துவிடும்.

சரி, அந்த 64 ஜிபி கார்டை விண்டோஸ் கணினியில் போட்டால் 59.6 என்று காட்டுகிறதே? கடைக்காரர் ஏமாற்றவில்லை. கார்டு செய்பவர்களுக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸ் இரண்டின் அடுக்குகளில் எண்ணுவதால் அதற்கு ஒரு ஜிபி 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். பைட் அதேதான், அளக்கும் படி வேறு.

உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. போலிக் கார்டுகளில் உள்ளே இருப்பது 8 ஜிபி சில்லாக இருக்கும். கார்டை இயக்கும் கன்ட்ரோலர் மட்டும் 128 ஜிபி என்று பொய் சொல்லும். கேமராவும் நம்பிப் படம் எழுதும். 8 ஜிபி தாண்டியதும் புதுப் படங்கள் பழையவற்றின் மேல் ஏறும், அல்லது எங்குமே பதியாது. பெயர்கள் எல்லாம் பட்டியலில் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. ஒரு கல்யாணத்தை இப்படிப் பறிகொடுத்தவரின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்தப் புதுக் கார்டையும் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் கடைசி பைட் வரை எழுதி, திரும்பப் படித்துப் பார்த்த பிறகுதான் கேமராவில் போடுகிறேன். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம்கூட ஆகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.